பகடையும் சபதமும்

கதை எழுதுகிறவனைக் கூட்டத்துக்கு அழைப்பார்கள், கல்யாணத்துக்கு அழைப்பார்கள், ஆள் கிடைக்காவிட்டால் பட்டிமன்றத்துக்குக்கூட அழைப்பார்கள். விளையாட்டுக்கு அழைப்பது அபூர்வம். சென்ற ஐப்பசியில் எனக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவன் என் தங்கை மகன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை, குடியிருப்பது படப்பையில். "மாமா, நாங்க அஞ்சு பேர் சேர்ந்து 'சிவகாமியின் சபத'த்தை விளையாடப் போறோம். நீங்க பக்கத்துல இருந்தா சரித்திரத்துல தப்பு வராது" என்றான்.

நாவலைப் படிக்கலாம், நாடகமாக்கலாம், சினிமாவாக எடுத்துக் கெடுக்கலாம். விளையாடுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததை விளங்கிக்கொள்ளும் ஆசை ஒரு பக்கம். தங்கை ஊரிலிருந்து வந்திருக்கிறாள், வத்தக்குழம்பு வைக்கப்போகிறாள் என்ற தகவல் மறுபக்கம். புறப்பட்டு விட்டேன்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கிறது படப்பை. ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்று அந்தச் சாலையில் கம்பெனி பஸ்களும், புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான லாரிகளும்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் இந்த நாவலை விளையாட இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. படப்பைக்கு அருகேதான் மணிமங்கலம் இருக்கிறது. நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த இடங்களில் ஒன்றாகப் பல்லவர்களின் கூரம் செப்பேடு அந்த ஊரின் பெயரைச் சொல்லுகிறது. கி.பி. 642 வாக்கில் வாதாபி வீழ்ந்தது. 1944-லிருந்து 1946 வரை கல்கி தம் பத்திரிகையில் அதைத் தொடர்கதையாக எழுதினார். அந்தப் போர் நடந்த மண்ணில், மூன்று ஷிப்டுகளுக்கு நடுவே கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஐந்து இளைஞர்கள் மறுபடி வாதாபிக்குப் படையெடுக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் போய்ப் பார்க்கத் தோன்றாது?

விளையாட்டின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறவர். அவருக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் உண்டு. நான் சூத்திரதாரி என்றே சொல்லப்போகிறேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். எழுதி வைத்த வசனம் கிடையாது. "கோட்டை வாசல், இருட்டு, இரண்டு காவல்காரர்கள்" என்று சூத்திரதாரி நிலைமையைச் சொல்லுவார். "நான் மதிலேறிக் குதிக்கிறேன்" என்று பாத்திரம் ஏற்றவர் தம் செய்கையைச் சொல்லுவார். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் எழுகிற இடத்தில் பகடை உருளும். 20 முகங்கள் கொண்ட பகடை அது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள். அதில் பலம், சாமர்த்தியம், பேச்சுத் திறமை என்று வரிசையாக எண்கள். விழுந்த எண்ணோடு தாளிலுள்ள எண்ணைக் கூட்டி, வெற்றியா தோல்வியா என்று முடிவு செய்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து பாட்டி சொன்ன கதையில், "இல்லை பாட்டி, அந்த ராஜகுமாரன் அப்படிப் போகமாட்டான்" என்று குறுக்கே பேசப் பேரனுக்கு உரிமை கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

இவர்கள் கையில் இருந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டின் விதிப் புத்தகம். இந்த ஜாதி விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது அதுதான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது. பெயரே காரியத்தைச் சொல்லிவிடுகிறது: பாதாள அறைகள், அவற்றில் பறக்கும் பூதப் பாம்புகள். என் மருமான் பூதப் பாம்பை எடுத்துவிட்டு யாளியைப் போட்டிருந்தான். மந்திரவாதியைக் காபாலிகன் ஆக்கியிருந்தான். இரும்புக் கவசம் போய்த் தோல் கேடயம் வந்திருந்தது. காஞ்சிக் கோட்டையின் வரைபடம் வர்ணப் பென்சிலால் வெகு அழகாகப் போடப்பட்டிருந்தது. "எப்படி மாமா?" என்றான். பிரமாதம் என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

ஆட்டம் தொடங்கியது. ஓர் இளைஞன் மாமல்லன், ஒருவன் பரஞ்சோதி, ஒருவன் ஒற்றன் குண்டோதரன். அவர்களோடு வேலை பார்க்கும் ஒரு பெண் சிவகாமி. வாதாபியில் சிறைப்பட்டிருக்கும் சிவகாமியை மீட்க மாமல்லன் மாறுவேஷத்தில் இரகசியமாகப் போகிற கட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். மதிலேறினார்கள், காவலனை ஏமாற்றினார்கள், ஒரு யாளியோடு சண்டைகூடப் போட்டார்கள். எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் பரஞ்சோதி கேட்டான்: "கஜானா எந்தப் பக்கம்?"

நான் திடுக்கிட்டேன். பரஞ்சோதி யார்? வாதாபியை வென்ற கையோடு வாளைக் கீழே போட்டுவிட்டுச் சிவனடியாராகி, சிறுத்தொண்டர் என்று பெரிய புராணத்தில் இடம் பெற்றவர். அவர் வாயிலிருந்து வருகிற கேள்வியா இது? மருமான் சமாதானம் சொன்னான்: "ரூல் அப்படி, மாமா. தங்கம் எடுத்தாத்தான் புள்ளி. புள்ளி சேர்ந்தாத்தான் அடுத்த படிக்குப் போகலாம்." விசாரித்தேன். முதல் பதிப்புகளில் அப்படித்தான் இருந்ததாம்: வெளியே கொண்டுவந்து சேர்க்கும் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. பிற்காலப் பதிப்புகளில் அந்தக் கணக்கு மங்கி, எதிரியை வீழ்த்துவதற்குப் புள்ளி என்று ஆயிற்று. ருசி கருதி இவர்கள் பழைய வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பையன் பரஞ்சோதியை அறியாதவன் அல்ல. நாவலை இரண்டு தரம் படித்தவன். ஆனால் அவன் முன்னால் இருந்த தாள் நாவலைப் படிக்கவில்லை.

பிறகு சிவகாமியின் அறை. மாமல்லன், "புறப்படு, குதிரை காத்திருக்கிறது" என்றான். அந்தப் பெண் தலை நிமிர்ந்து, "வரமாட்டேன். இந்த ஊரை எரிச்சு என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போற வரைக்கும் இங்கிருந்து கால் எடுத்து வைக்கமாட்டேன்" என்றாள். சாதாரணக் குரலில்தான் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேசையிலும் ஒரு கணம் நிசப்தம். மாமல்லனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாளைப் பார்த்தான். 'இணங்கவைத்தல்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே நல்ல எண்ணும் இருந்தது. "நான் அவளை இணங்கவைக்கப் பார்க்கிறேன்" என்று பகடையை உருட்டினான். 20 விழுந்தது. அந்த மேசை வழக்கப்படி அது மறுக்கமுடியாத வெற்றி. எல்லோரும் கைதட்டினார்கள். "சரி, சிவகாமி இணங்கிட்டா" என்றான் சூத்திரதாரி.

அந்தப் பெண் கைதட்டவில்லை. பகடையை எடுத்துத் தன் தாளின்மேல் வைத்தாள். "அப்ப என் சபதம் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. "மழை வர்ற மாதிரி இருக்கு, நான் கிளம்பறேன்" என்று எழுந்து போய்விட்டாள். மழை வரவில்லை.

வத்தக்குழம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னைச் சாப்பிடவிடவில்லை. நான் ஒரு விமரிசனக் கட்டுரை எழுதுவதற்கு வேண்டிய விஷயம் அதற்குள் இருந்தது.

விதி என்பது கதைக்கு வெளியே நிற்கும் வேலிதானே, உள்ளே எந்தக் கதையை வேண்டுமானாலும் மேயவிடலாம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். நினைப்பு தவறு. எதற்கு எண் உண்டு, எதற்கு எண் இல்லை, எதற்குப் பரிசு, எதற்குத் தண்டனை என்று விதி தீர்மானித்துவிட்ட பிறகு, கதையின் பாதி எழுதப்பட்டாயிற்று. இந்த விளையாட்டின் பூர்வீகத்தைப் பாருங்கள். 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சியாக ரைஸ்விட்ஸ் என்பவர் உண்டாக்கிய போர் விளையாட்டு ஒன்று உண்டு. அதன் வழித்தோன்றல்களாகப் பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்தும் விளையாட்டுகள் வந்தன. 1971-ல் கைகாக்ஸும் ஒரு நண்பரும் அப்படி ஒரு போர் விதி நூல் வெளியிட்டார்கள். அதன் தோளில் ஏறித்தான் 1974-ம் வருஷத்து விளையாட்டு பிறந்தது. போரில் பிறந்த பிள்ளைக்குப் போர்க் கண் இருப்பது இயற்கை. மதில் எவ்வளவு உயரம், வாள் எவ்வளவு ஆழம் என்று அதற்குத் துல்லியமாகத் தெரியும். ஒரு பெண் 'வரமாட்டேன்' என்று சொன்னால், அதுவும் ஏறவேண்டிய ஒரு மதிலாகத்தான் அதற்குத் தெரிகிறது.

புத்தகத்தின் மேலேயே பழி போடுவதும் நியாயமல்ல. எந்த இடத்தில் பகடை உருட்டுவது, எந்த இடத்தில் வேண்டாம் என்பதை அது சூத்திரதாரியின் விவேகத்துக்கு விட்டிருக்கிறது. என் மருமான், "இதுக்குப் பகடை கிடையாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சட்டையில் பை வைத்துத் தைத்துவிட்டால் கை அதற்குள் போகத்தானே செய்யும்? தாளில் 'இணங்கவைத்தல்' இருந்தது, 'சபதம்' இல்லை. கை இருக்கிற பைக்குள் போயிற்று.

இந்த விஷயத்தை நம்மவர்கள் யோசிக்காமல் விட்டதில்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் ஒரு பாட்டில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, மரம், விலங்கு, பறை, தொழில் இவையெல்லாம் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்கிற மனித அனுபவம் உரிப்பொருள். கருப்பொருள்கள் ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்குப் போய்க் கலக்கலாம். குறிஞ்சிப் பறவை மருதத்தில் வந்து உட்காரலாம். உரிப்பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. பள்ளிக்கூடத்தில் இதை நெட்டுருப் போட்ட நமக்கு, இது கதை கட்டும் தொழிலுக்கு ஒரு கைவிளக்கு என்று தோன்றுவதே இல்லை.

என் மருமான் செய்தது என்ன? முதற்பொருளைக் காஞ்சியாக்கினான். கருப்பொருளை யாளியாகவும் காபாலிகனாகவும் மாற்றினான். உரிப்பொருளைத் தொடவே இல்லை. நுழை, கொல்லு, எடு, வளர் என்பதாக அது அப்படியே இருந்தது. வாதாபி என்று பெயர்ப்பலகை மாட்டிய அதே பழைய பாதாள அறைக்குள்தான் அவர்கள் போய்வந்தார்கள். நம்முடைய சரித்திர நாவல்களில் பெரும்பாலானவற்றின் நோயும் இதுதான் என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பட்டணத்து மத்தியதரக் குடும்பத்துக் காதலை எழுதி, அதன் தலையில் கிரீடத்தை வைத்துக் கையில் வேலைக் கொடுத்துவிட்டால் சோழர் காலம் வந்துவிடுமா?

பிற நாட்டாரும் இந்தப் பொருத்தத்தை நாடி உழைத்திருக்கிறார்கள். 1975-ல் எம்.ஏ.ஆர். பார்க்கர் என்ற பேராசிரியர், தாமே பல வருஷங்களாகக் கற்பனை செய்திருந்த டெக்குமேல் என்ற உலகத்தை விளையாட்டாக வெளியிட்டார். குலம், கோயில், மானம், மரியாதை என்று பின்னல் மிகுந்த சமூகம் அது. விதியோ பெரும்பாலும் பாதாள அறை விதி. இரண்டையும் சேர்க்க அவர் ஒரு யுக்தி செய்தார். விளையாடுகிறவர்கள் அந்த நாட்டுப் பிரஜைகள் அல்லர். கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கிய அந்நியர்கள். மரியாதை தெரியாத அந்நியன் பாதாளத்தில் இறங்கிப் பொருள் தேடினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள் அல்லவா? பொருந்தாத இரண்டைப் பொருத்த அது கெட்டிக்காரத் தையல். ஆனால் தையல் தையல்தான். வங்காளத்தை நினைவூட்டும் ஒரு நாட்டை வைத்து மிமி மண்டல் எழுதிய கதை 2022-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொகுப்பு ஒன்றில் வந்தது. நம் பக்கத்து மண்வாசனை அந்த மேசைக்கு ஏறியதில் எனக்கும் சந்தோஷந்தான். மண் புதிது, விதி பழையதே.

விதியே கதையாகிவிட்ட உதாரணங்களும் உண்டு. 1981-ல் சாண்டி பீட்டர்சன் 'கால் ஆஃப் கதுல்ஹு' என்ற விளையாட்டை எழுதினார். லவ்கிராப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் பயங்கரக் கதைகளை ஒட்டியது அது. அந்தக் கதைகளில் மனிதன் தெரிந்துகொள்ளக் கூடாததைத் தெரிந்துகொண்டு பைத்தியமாகிறான். பீட்டர்சன் சித்த சுவாதீனத்துக்கு ஓர் எண் வைத்தார். பயங்கரத்தைப் பார்க்கப் பார்க்க அது குறையும். அதோடு, அந்த இரகசிய ஞானம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்குச் சித்த சுவாதீனத்தின் உச்சவரம்பு இறங்கும். ஒன்று ஏற ஒன்று இறங்கும் ஏற்றத் துலாவைப் போல. லவ்கிராப்டைப் படிக்காதவன்கூட அந்தத் தாளை வைத்துக்கொண்டு விளையாடினால் லவ்கிராப்டின் கதைக்குள் போய் விழுவான். 2005-ல் வந்த 'டிரெட்' என்ற விளையாட்டில் பகடையே இல்லை. மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரம் ஒன்று மேசை நடுவே நிற்கும். ஆபத்தான காரியம் செய்யவேண்டுமானால் ஒரு கட்டையை உருவி மேலே வைக்கவேண்டும். கோபுரம் யார் கையில் சரிகிறதோ அவர் பாத்திரம் கதையிலிருந்து போயிற்று. நேரம் ஆக ஆகக் கோபுரம் ஆடுகிறது, கை நடுங்குகிறது. பேய்க் கதைக்கு வேறென்ன வேண்டும்?

இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். எல்லாக் காலத்துக்கும் எல்லா உலகத்துக்கும் பொதுவான ஒரே விதி என்று 1986-ல் ஸ்டீவ் ஜாக்சன் 'கர்ப்ஸ்' என்ற நூலைக் கொண்டுவந்தார். தெரிந்த விதியை வைத்து எந்தக் கதையையும் ஆடலாம். புதுக் கதைக்கெல்லாம் புது விதி படித்துக்கொண்டிருக்க உழைக்கிறவனுக்கு நேரம் ஏது என்பது அந்தக் கட்சி. என் மருமானும் இதைத்தான் சொன்னான். "ஆறு நாள் ஷிப்ட் பார்த்துட்டு வர்றோம், மாமா. ஞாயித்துக்கிழமை இன்னொரு முந்நூறு பக்கம் படிக்கச் சொன்னா யார் வருவா?" நியாயமான பேச்சு. இதை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் பொது விதி என்பது பொதுவாக இருப்பதில்லை என்பதுதான் என் வாதம். எல்லாவற்றையும் அளக்கும் படி ஒன்று வைத்திருப்பவன் அரிசியையும் பாலையும் அளந்துவிடுவான். பட்டுப் புடவையைக் கொண்டுபோனால் அதையும் படிக்குள் திணித்துப் பார்ப்பான்.

பொது விதி ஒன்று வெற்றி பெறுவதை நாம் பார்த்ததில்லையா என்று கேட்கலாம். பார்த்திருக்கிறோம். காஞ்சிபுரம், செங்கற்பட்டு, ஆற்காட்டுப் பக்கங்களில் ஆடும் தெருக்கூத்தே அப்படிப்பட்டதுதான். திரை, அதன்பின் நின்று பாடும் வேஷக்காரர், விருத்தம், தரு, எல்லாவற்றையும் கோத்து நடத்தும் கட்டியக்காரன் என்று ஒரே கட்டமைப்பு. அதற்குள் எத்தனையோ கதைகள். மேசையில் என் மருமான் செய்த வேலையைக் கட்டியக்காரன் எத்தனையோ தலைமுறையாகத் தெருவில் செய்துவருகிறான். ஆனால் எந்தக் கதைகள் அங்கே நிலைத்தன என்று கவனிக்கவேண்டும். பாரதம் நிலைத்தது. அதிலும் சபதமும் அவமானமும் சாவும் உள்ள கட்டங்கள் நிலைத்தன. 'பகடை துயில்' என்றே ஒரு கூத்து இருக்கிறது. பாரதத் திருவிழாவில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து கிடத்தி, படுகளத்தன்று பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிக்கும்போது ஊரே கூடி நிற்கிறது. அந்தக் கலைக்குச் சபதத்தை என்ன செய்வதென்று தெரியும். அதன் உரிப்பொருளே அதுதான். இரவெல்லாம் ஆடுவது அந்த ஒரு முடிச்சுக்காகத்தான்.

'பகடை துயில்' என்றதும் எனக்கு அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது. அஸ்தினாபுரத்துச் சபையில் நடந்ததும் ஒரு விளையாட்டுதானே? பகடை விழுந்தது, வெற்றி என்றார்கள், அவளை அழைத்துவா என்றார்கள். பாஞ்சாலி அழவில்லை, முதலில் ஒரு கேள்வி கேட்டனுப்பினாள். தருமன் தன்னைத் தோற்றது முன்னா, என்னைத் தோற்றது முன்னா? தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? அது விதியைப் பற்றிய கேள்வி. பெரியவர்களுக்குப் பதில் தெரியவில்லை. பீஷ்மரே தருமம் நுட்பமானது என்று சொல்லிவிட்டார். விதிக்குள் இடமில்லாத ஒருத்தி விதியைப் பார்த்துக் கேள்வி கேட்டால் சபை மௌனமாகிவிடுகிறது. படப்பையில் நாலாவது மாடியில் அந்த மேசையும் அப்படித்தான் மௌனமானது. நானும் அந்தச் சபையில் ஒரு கிழவனாக உட்கார்ந்திருந்தேன் என்பதை நினைக்க வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மருமான் மறுபடி கூப்பிட்டான். புது விதிப் புத்தகம் ஒன்று பிடித்திருந்தான். கிரெக் ஸ்டாபோர்ட் 1985-ல் வெளியிட்ட 'பெண்ட்ராகன்' என்ற விளையாட்டு. ஆர்தர் மன்னன் கதைக்காக எழுதப்பட்டது. அதில் குணங்களுக்கு எண். 13 ஜோடிக் குணங்கள்: இரக்கம் - கொடுமை, அடக்கம் - கர்வம், நம்பிக்கை - சந்தேகம் என்பது போல. ஒரு ஜோடியின் கூட்டுத்தொகை எப்போதும் 20. இரக்கம் ஏறினால் கொடுமை இறங்கும். அதற்குமேல் அன்பு, விசுவாசம், வன்மம் முதலான பற்றுகளுக்கும் எண். நெருக்கடியில் பகடை உருட்டினால் எதிரியின் மதிலை ஏற அல்ல. தன் மனத்தின் பிடி தாங்குகிறதா என்று பார்க்க. இன்னொரு விசேஷம், ஒவ்வொரு வருஷமும் ஒரு குளிர்காலம் வருகிறது. அப்போது சண்டை இல்லை. வயது ஏறுகிறது, நிலத்தின் கணக்கு, கல்யாணம், பிள்ளைப் பேறு எல்லாம் பார்க்கப்படுகின்றன. தகப்பன் போனால் மகன் ஆட்டத்தைத் தொடரலாம்.

குளிர்காலத்தை மழைக்காலமாக மாற்றினோம். அந்தப் பெண் வருவாளோ மாட்டாளோ என்று எனக்குச் சந்தேகம். வந்தாள். மருமான் எழுந்து, "அன்னிக்கு நான் பகடை போட விட்டிருக்கக் கூடாது" என்றான். "பரவாயில்லை, ஆரம்பிக்கலாம்" என்றாள். அவள் தாளில் 'சபதம் - 18' என்று எழுதிக்கொண்டாள். மாமல்லன் தாளில் சிவகாமியின்மேல் அன்பு 15, ராஜ்யக் கடமை 16.

அதே அறை. அதே குதிரை. "வரமாட்டேன்" என்றாள். இந்தத் தடவை பகடை அவள் கையில் இருந்தது. 18-க்கு உட்பட்டு விழுந்தால் சபதம் நிற்கும். 11 விழுந்தது. மாமல்லன் வெறுங்கையோடு திரும்பினான். பிறகு மழைக்காலங்கள். முதல் வருஷம், இரண்டாம் வருஷம். படை திரட்டவேண்டும், பாண்டியன் தயவு வேண்டும், அரசனுக்கு வாரிசு எங்கே என்று அந்தப் பட்டியல் வருஷந்தோறும் கேட்கிறது. நாலாவது மழைக்காலத்தில் மாமல்லனாக ஆடிய பையன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "பாண்டிய ராஜகுமாரியைக் கட்டிக்கிறேன்" என்றான். நாவலில் அப்படித்தான் என்பதற்காக அவன் சொல்லவில்லை. வேறு வழி தெரியாமல் சொன்னான். சிவகாமி அவனைப் பார்க்கவில்லை. தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வருஷம் வாதாபி எரிந்தது. பரஞ்சோதி பழக்க தோஷத்தில், "கஜானா..." என்று ஆரம்பித்துவிட்டுத் தானே சிரித்துவிட்டான். மாமல்லன் அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தான். சபதம் நிறைவேறிற்று. அந்தப் பெண் 18 என்ற எண்ணை அடித்துவிட்டு, "இப்ப என்கிட்ட என்ன சார் மிச்சம்?" என்று என்னைக் கேட்டாள். கல்கியின் சிவகாமி ஏகாம்பரநாதருக்குத் தன்னை அர்ப்பணித்துக்கொண்டது ஏன் என்று நான் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

பெண்ட்ராகன் குறையற்றது என்று சொல்லமாட்டேன். அது குதிரை வீரர்களின் உலகம். நாட்டியம் அங்கே அரசவைத் திறமைகளில் ஒன்று; ஒருத்தியின் உயிர் அல்ல. அந்த இடத்தில் இவர்கள் சொந்தமாக ஒரு வரி எழுதவேண்டி வந்தது. அது சரியாக உட்காரவில்லை. மானம், கொடை, நன்றி இவற்றுக்கு நம்முடைய நிறுவையில் உள்ள எடையும் அந்தத் தாளில் இல்லை. துரியோதனனிடம் கர்ணன் கொண்ட செஞ்சோற்றுக் கடனை வெறும் விசுவாசம் என்று எழுதினால் பாதிதான் எழுதியதாகும். ஆனாலும் உரிப்பொருளைத் தொட்ட விதி, கருப்பொருளில் பிசகினாலும் கதையைக் காப்பாற்றிவிடுகிறது என்பதை அன்று கண்ணால் கண்டேன். மேசையில் ஒரு யாளிகூட இல்லை. அதை யாரும் தேடவும் இல்லை.

இருட்டிய பிறகு பஸ் ஸ்டாப்புக்கு வந்தேன். அந்தப் பெண்ணும் இரவு ஷிப்டுக்கு கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து நின்றிருந்தாள். "சார், இந்த ஊர்க் கதையை, எங்க கதையை ஆடணும்னா எந்த ரூல் சரியா வரும்?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏரி, வயல், லாரி, ஷெட், அடையாள அட்டை என்று கருப்பொருள்களை ஒரு மூச்சில் அடுக்கிவிடலாம். உரிப்பொருள் என்ன? ஊரில் அம்மா போனுக்காகக் காத்திருக்கிறாள், அது இருத்தல். இவள் இங்கே வந்திருக்கிறாள், அது பிரிதல். முல்லையும் பாலையும் ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்கின்றன. இன்றைக்கு இத்தனை உருப்படி, இத்தனை மணி, இத்தனை ஓவர்டைம் என்று இவளுக்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்த தாள் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதில் எதற்கெல்லாம் எண் இல்லையோ அங்கேதான் இவள் கதை இருக்கிறது.

"நீயே எழுது அம்மா. முதலில் எதை யாரும் பகடை போட்டுப் பறிக்கக் கூடாது என்று எழுது. மற்ற விதிகள் அதன் பிறகு" என்றேன். பஸ் வந்தது. ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாக, "யோசிக்கிறேன் சார்" என்றாள். நாவல் எழுதுகிற நண்பர்களும் யோசிக்கலாம்.